நீ இல்லாமல் திறந்த குழாய்

என் மகனுக்கு,

நீயும் அம்மாவும் உன் கல்யாணத்துக்குச் சொல்ல யாழ்ப்பாணம் போயிருக்கும் இந்த வாரத்தில், உன்னிடம் கேட்காமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உன் மாணவர்கள் காசு சேர்த்துக் கட்டிய தண்ணீர்க் குழாய்களை நேற்றுக் காலை நானே போய்த் திறந்துவிட்டேன். நாடா இல்லை, விளக்கேற்றல் இல்லை, காசு சேர்த்த மாணவர்களில் ஒருவர்கூட இல்லை. நீ இல்லை, நீ கட்டப்போகிற தர்ஷினியும் இல்லை. நீங்கள் எல்லாரும் மாதக்கணக்காக எதிர்பார்த்திருந்த ஒரு நாளை நான் தனியே போய் முடித்துவிட்டு, பஸ் பிடித்துக் குண்டசாலை வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். நீ வந்ததும் நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசும்போது எனக்குப் பாதிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். எழுதினால் ஒரு வசனத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். இதை நான்காவது தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால், ஏன் அவ்வளவு நாள் செய்யாமல் இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நீ என்னிடம் அந்தக் குழாயைத் திறந்துவைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் "பாப்பம்" என்றேன். முழங்கால் வலி என்றேன், வங்கிக்குப் போகவேண்டும் என்றேன், மழை விடட்டும் என்றேன். மூன்றும் பொய் அல்ல, ஆனால் மூன்றும் காரணமும் அல்ல. காரணம் பொறாமை. அந்தச் சொல்லை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தாள் வீணானது. எனக்கு உன்மேல் பொறாமை. உனக்கு மனைவியாக வரப்போகிற பிள்ளைமேலும் பொறாமை. ஒரு தகப்பனுக்கு இது அழகில்லை என்று யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

நான் செய்த உத்தியோகத்தை நீ உன் நண்பர்களுக்கு எப்போதும் ஒரே வரியில் சொல்லுவாய்: "அப்பா தண்ணி செக் பண்ணுறவர்." அது சரியான விளக்கம்தான். போத்தல்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த ஊற்று என்று ஒட்டியிருக்கும். தண்ணீரை மெல்லிய வடிதாளில் வடித்து, அந்தத் தாளைச் சிறு தட்டில் வைத்துச் சூட்டுப் பெட்டிக்குள் வைப்பேன். மறுநாள் தட்டைத் திறந்தால் மஞ்சள் புள்ளிகள் முளைத்திருக்கும். அசுத்தம் கலந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தோட்டங்களிலிருந்து வந்த போத்தல்களில் பெரும்பாலும் அம்மை போட்ட முகம் மாதிரித்தான் இருக்கும். "குடிப்பதற்கு உகந்ததல்ல" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கந்தோருக்கு, மேலதிகாரிகளின் மேசைக்கு, அனுப்புவேன். அதோடு என் பங்கு முடிந்தது. அந்தத் தாளை யார் படித்தார்கள், அதைப் படித்துவிட்டு யாராவது ஒரு குழாய் போட்டார்களா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிப்பது என் வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலிடத்தில் கேள்வி கேட்கிற ஆள் என்று பெயர் எடுக்கப் பயமாகவும் இருந்தது. நான் பார்த்த தண்ணீரைக் குடித்த ஒரு குழந்தையின் முகத்தைக்கூட என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை.

நீ அப்படியில்லை. உயர்தரத்தில் இரசாயனவியலை விட்டுவிட்டுக் கலைப்பிரிவுக்குப் போன பிள்ளை நீ. அதை என்னிடம் சொல்லப் பயந்து அம்மாவிடம் சொல்லி அனுப்பினாய். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்து உன்னைத் தண்டித்தேன் என்று அம்மா இன்றும் சொல்கிறா. பிறகு கண்டி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியரானாய். உன் மாணவர்களை அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விவாதப் போட்டிக்காகக் கூட்டிக்கொண்டு போனாய். உன் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி கழிவறை எங்கே என்று கேட்டிருக்கிறாள். கழிவறை இருந்தது, ஆனால் தண்ணீர் இல்லாததால் பூட்டியிருந்தது. அங்கே படிக்கிற பெரிய பெண்பிள்ளைகள் இடைவேளைக்கு வீட்டுக்குப் போனால் பலர் திரும்பி வருவதில்லை என்று அதிபர் சொல்லியிருக்கிறார். அதை நீ சாப்பாட்டு மேசையில் சொன்னபோது நான் தலையாட்டினேன். அதே தோட்டத்துப் பக்கமிருந்து வந்த போத்தல்கள் எனக்கு நினைவிருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நீ கேட்டிருப்பாய். இல்லை, நீ கேட்டிருக்க மாட்டாய். அம்மா கேட்டிருப்பா.

அடுத்த வாரமே உன் மாணவர்கள் தொடங்கிவிட்டார்கள். பழைய பத்திரிகை சேர்த்தார்கள், பெற்றோரைக் கொண்டு சமைத்து உணவுச் சந்தை வைத்தார்கள். பிறகு அந்தத் தண்ணீர் நடை. தோட்டத்துப் பிள்ளைகள் மலைச்சரிவில் தண்ணீர் கொட்டுகிற பீலியில் பிடித்துச் சுமந்து வருகிற அதே மாதிரி, ஒவ்வொருவரும் தண்ணீர் நிரப்பிய கேன் ஒன்றைச் சுமந்துகொண்டு கண்டி வாவியைச் சுற்றி நடந்தீர்கள். கூடவே சிலர் உண்டியல் குலுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் வந்தேன். வாவிக்கரையில் மரத்தோடு ஒதுங்கி நின்று பார்த்தேன். நீ முன்னால் வந்தாய். சட்டை நனைந்திருந்தது, ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிப் பாடினார்கள். போக்குவரத்துப் பொலிஸ்காரர் வாகனங்களை மறித்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்து உண்டியலில் போட்டார். என் பக்கத்தில் நின்ற பெண்மணி உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. "அந்த முன்னுக்கு வாற சேர் உங்கட மகனோ? மூக்கு அப்படியே இருக்கே" என்றா. "இல்லை, எனக்கு ஆளைத் தெரியாது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று முழுவதும் யோசித்தேன். மகன் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தண்ணீரோடு வாழ்க்கையைக் கழித்தவன் நான். தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறவன் நீ. அந்த ஊர்வலத்தில் எனக்கு ஒரு இடமும் இல்லை என்று தோன்றியது. இடம் இருந்திருக்கும், நான் கேட்கவில்லை. இரண்டும் உண்மை.

அதற்குப் பிறகு, ஊற்றுத் தண்ணீரைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்குகிற வேலை தொடங்கியதும், மேசையில் வந்ததெல்லாம் தர்ஷினியின் பெயர்தான். பேராதனையில் பொறியியல் படிப்பிக்கிற பிள்ளை, தண்ணீரைப் பற்றித் தெரிந்த பிள்ளை, உனக்கு ஏற்ற பிள்ளை. எனக்கு அவள்மேல் ஒரு குறையும் சொல்ல இல்லை, அதுதான் கஷ்டம். "ஊற்றுக்கு மேல ஒரு கான் வெட்ட வேணுமாம் அப்பா, மழைத்தண்ணி உள்ளுக்கு இறங்காமல். தர்ஷினி சொன்னவ." "ஊற்றைச் சுத்தி வேலி போட வேணுமாம். தர்ஷினி சொன்னவ." இதையெல்லாம் நானும் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லி நீ கேட்கவில்லை. ஒருநாள் என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மழைக்குப் பிறகும் ஒருக்கா எடுத்துப் பாக்க வேணும்" என்றேன்.

"தர்ஷினி பாத்தவ அப்பா. எல்லாம் சரியாம்."

"எப்ப பாத்தவ?"

"மாசியில."

"மாசி வெயில் காலம் எல்லோ."

"ஓம் அப்பா" என்றாய். உடனே உன் தொலைபேசி அடித்தது, எழுந்து போய்விட்டாய். அழைத்தது அவள்தான். நான் சொன்னது காற்றோடு போய்விட்டது என்று முடிவு செய்தேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனதில் ஒரு சந்தேகம் இருந்தது: இதை நான் ஆய்வுகூடத்து ஆளாகச் சொல்கிறேனா, எரிச்சலில் சொல்கிறேனா? வெயில் காலத்தில் தெளிவாக இருக்கிற ஊற்று முதல் பெருமழைக்குக் கெட்டுப்போவதை நான் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அது அறிவு. அவள் பார்த்தது பிழையாகிவிட வேண்டும் என்று உள்ளே ஒரு ஆசை இருந்தது. அது அறிவு இல்லை. என் சொல்லிலிருந்து பொறாமையைக் கழித்துவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகுதான் நீ வந்து, "நீங்கள்தான் ஒருக்கா பாத்து, பைப்பைத் திறந்துவைக்க வேணும் அப்பா. எப்ப வசதி எண்டு சொல்லுங்கோ, அண்டைக்கே வைப்பம்" என்றாய். "ஒருக்கா பாத்து" என்ற பகுதி என் காதில் விழவில்லை. நாடாவும் மாலையும்தான் விழுந்தன. தொடக்கத்தில் கேட்க வேண்டியவனைக் கடைசியில் மாலை போட்டுச் சமாதானப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். பாப்பம் என்றேன். அம்மா சமையலறையிலிருந்து, "அவருக்கு எங்க நேரம்? பேப்பர் படிக்க வீட்டில ஒரு ஆள் வேணுமெல்லோ" என்றா.

அம்மாவுக்கு என்னுடைய இந்தப் பொறாமை பழக்கமான நோய். அவ ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நாள் உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது சின்னப் பிள்ளை இல்லை. மண்டபம் நிறைந்திருந்தது. அவவிடம் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று ஆய்வுகூடத்து மேசையில் பத்திரிகைத்தாள் விரித்து ரோல்ஸும் தேநீரும் தந்தார்கள். பேசிய தலைமை லிகிதர் என் பெயரின் முதலெழுத்தை மாற்றிச் சொன்னார், யாரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. அம்மாவின் விழா முடிந்து வீட்டுக்கு வரும்போது, அவ கட்டியிருந்த சேலை வயதுக்குக் கொஞ்சம் கடும் நிறம் என்று சொன்னேன். அவ முச்சக்கர வண்டிக்குள்ளேயே சத்தமாகச் சிரித்தா. "இஞ்சருங்கோ, உங்களுக்கு எரியுது. எரியுது எண்டு சொல்லுங்கோ, தண்ணி தாறன்" என்றா. நீயும் தர்ஷினியும் ஒரே மாதிரி விஷயங்களில் கெட்டிக்காரர்கள். ஒருவருக்கு மண்டபம் நிறையும்போது மற்றவருக்கு எரியத்தான் செய்யும். எரிகிற அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சேலையின் நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கல்யாணத்துக்கு நான் தரக்கூடிய புத்திமதி இவ்வளவுதான், இதையும் நான் அம்மாவிடமிருந்துதான் எடுத்தேன்.

நீங்கள் யாழ்ப்பாணம் போன பிறகு பெருமழை பிடித்தது. இரண்டாம் நாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் வேலை பழகிய ஒருவர் கண்டி நகரத்தில் சின்ன ஆய்வுகூடம் வைத்திருப்பது உனக்குத் தெரியும். அவரிடம் போய்க் கிருமி நீக்கிய போத்தல்களை வாங்கிக்கொண்டேன். ஐஸ் போட்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு கலஹா பஸ்ஸில் ஏறினேன். பிள்ளைகளுக்காகப் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பிழை பிடிக்கத்தான் போனேன். மேலே ஏறுகிற வழியில் முழங்கால் உண்மையாகவே வலித்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே பாதையில், உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண்மணி தண்ணீர்க் கேனோடு ஏறி வந்தார். பெயர் செல்வராணி, தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. உனக்கு நன்றாகத் தெரிந்தவர். எனக்கு அப்போது தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது.

"யாரு ஐயா? சர்வே பண்ண வந்தீங்களா?" என்றார்.

"இல்லை. சும்மா பாக்க வந்தனான்."

"இந்த மழையில சும்மாவா? பேச்சைப் பார்த்தா யாழ்ப்பாணத்து ஆளு போல. கண்டியில இருந்து வர்ற எங்க தமிழ் சேரும் இப்படித்தான், மழையில நின்னுகிட்டே கதைப்பாரு. வாங்க, கூரைக்குள்ள ஒதுங்குங்க."

பள்ளிக்கூடத்துக்கு ஏறிப்போனோம். நீங்கள் கட்டிய தண்ணீர்த் தாங்கியைக் கண்டேன். நல்ல வேலை. ஊற்றிலிருந்து வருகிற குழாய் அதை நிரப்பிக்கொண்டே இருந்தது. மிஞ்சிய தண்ணீர் மேல்குழாயால் வழிந்து, பளிங்கு மாதிரிக் கானுக்குள் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குடிக்கிற குழாய்வரிசையின் வால்வில் மட்டும் பூட்டு. கழிவறைக்கும் அதே வால்வால்தான் தண்ணீர் போக வேண்டும், அதன் கதவும் பூட்டியபடியே இருந்தது. செல்வராணியின் கேனைப் பார்த்தேன். உள்ளே இருந்தது செம்மண் நிறத்தில் இருந்தது.

"தாங்கியில தண்ணி ஓடுதே, ஏன் இதைச் சுமக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"அதைக் குடிக்கக் கூடாது ஐயா. துணி தொவைக்கலாம், அவ்வளவுதான். கண்டியில தண்ணிக்கே ஒரு டாக்டர் இருக்காராம். பெரிய மனுசன். அவரு வந்து பார்த்து நல்லதுன்னு சொன்னாத்தான் பிள்ளைங்க வாயில வைக்கணும்னு சேர் கண்டிசனா சொல்லிட்டாரு. அந்தப் பேராதனை மிஸ்ஸுகூட, நான் பார்த்துட்டேன், நல்ல தண்ணிதான்னாங்க. சேர் கேக்கல. இல்ல, மழைக்கப்புறம் பார்க்கணும்னு அவரு சொல்லியிருக்காரு, அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாரு."

ஐஸ் பெட்டியைத் தரையில் வைத்தேன். "அவர் எப்ப வருவாராம்?" என்றேன்.

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம். ஒரு நாளு கால் வலியாம். ஒரு நாளு பேங்க்காம். சேர் பாவம், அவரு மனசு நோகக் கூடாதுன்னு வற்புறுத்தவும் மாட்டேங்கிறாரு. பெரிய மனுசங்களுக்குத் தாகமே எடுக்காது போல."

"அதுவரைக்கும் இதையோ குடிக்கிறீங்கள்?"

"வேற? கீழ் பீலியில இருந்து வருது. மழைக்குப் பாலு ஊத்தாத டீ மாதிரி. வீட்டுல காய்ச்சிக் குடுக்கிறோம். பள்ளிக்கூடத்துல யாரு காய்ச்சுறது? போன கிழமை ரெண்டாம் வகுப்புல பாதி வயித்தைப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருச்சு, என் சின்னதும்தான். பாருங்க ஐயா, பழைய தண்ணிக்கு ஒருத்தரும் சர்டிபிகேட் கேக்கல. புதுத் தண்ணிக்குத்தான் இவ்வளவு கேள்வி."

அந்த இடத்தில் நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு போத்தல் தண்ணீர் எடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். "எடுங்க, ஆனா குடிச்சிராதீங்க, டாக்டரு இன்னும் பார்க்கல" என்றார். மேலே ஊற்றுத் தொட்டிக்கும் அவரே வழி காட்டினார். தர்ஷினி வெட்டச் சொன்ன கான் மழைத்தண்ணீரை ஒழுங்காக விலக்கிக்கொண்டு போனது. வேலி சரியாக இருந்தது, மூடி இறுகியிருந்தது. நான் ஒவ்வொன்றாகக் குறை தேடினேன். தொட்டியில் ஒரு போத்தல், வழிகிற குழாயில் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு இறங்கினேன். "பார்த்துப் போங்க ஐயா, வழுக்கும்" என்று கீழே திரும்பும்வரை அவர் சொல்லிக்கொண்டே நின்றார்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினமானது. அன்று பின்னேரம் ஆய்வுகூடத்தில் தண்ணீரை வடித்துத் தட்டுகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் போகிற வழியெல்லாம் என் மனம் ஒன்றை வேண்டிக்கொண்டே போனது. மஞ்சள் புள்ளிகள் இருக்க வேண்டும். தட்டு நிறைய வேண்டாம், நாலைந்து இருந்தாலும் போதும். இருந்தால் தர்ஷினி பார்த்தது போதாது என்றாகும். நான் இழுத்தடித்த நாட்களுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும்: அந்தப் பெரிய மனிதர் தாமதித்ததால்தான் பிள்ளைகள் தப்பினார்கள் என்றாகும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்த பிள்ளைகளைப் பற்றி முதல் நாள்தான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும், அந்தப் பிள்ளைகள் குடிக்கப்போகிற தண்ணீரில் அழுக்கு இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். தட்டுகளைத் திறந்தேன். இரண்டும் வெறுமையாக இருந்தன. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என்னிடம் வேலை பழகியவர் எட்டிப்பார்த்து, "அருமையான தண்ணி சேர், எந்த ஊத்து?" என்று சந்தோஷமாகக் கேட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதோ பறிபோன மாதிரி இருந்தது.

உடனே இன்னொரு யோசனை வந்தது. ஒரு தடவை எடுத்தது போதாது, இன்னும் இரண்டு மழைக்குப் பிறகு எடுத்துப் பார்க்க வேண்டும். முறைப்படி அது சரி. நான் பழகிய முறை அதுதான். ஆனால் இந்த முறை அதன் முகம் எனக்குத் தெரிந்தது. நான் இன்னும் இரண்டு மழைக்குக் காத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்னும் இரண்டு மழைக்குக் கீழ் பீலியில் குடிப்பார்கள். தாங்கியில் அளவாகக் குளோரின் போட்டுத் திறந்துவிட்டு, மாதாமாதம் எடுத்துப் பார்த்துக்கொண்டு வரலாம். இதைச் செய்ய எந்தப் புத்தகமும் தடை சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து "குடிப்பதற்கு உகந்தது" என்று எழுதினேன். ஒரு தோட்டத்துத் தண்ணீருக்கு அப்படி எழுதியதாக எனக்கு நினைவில்லை. பெயரை முதல்முறையாக எழுதுகிற பிள்ளையைப் போல எழுத்தெழுத்தாகக் கையொப்பமிட்டேன். உனக்குத் தொலைபேசியில் சொல்ல எண்ணினேன். சொன்னால் நீ, "பொறுங்கோ அப்பா, வந்து எல்லாரும் சேந்து செய்வம்" என்பாய் என்று பயந்தேன். அல்லது, நீ அப்படிச் சொல்லாமல், "திறவுங்கோ" என்று சொல்லிவிடுவாய், அப்போது அது உன் தீர்மானமாகிவிடும் என்று பயந்தேனோ தெரியாது. இரண்டாவதுதான் உண்மை என்று நினைக்கிறேன். அந்த ஒரு தீர்மானமாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல காரியத்துக்குள்ளும் அந்த எரிச்சல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் என்னோடு பஸ்ஸில் வந்தது.

நேற்றுக் காலை அதிபரிடம் போய், நான் தமிழ் ஆசிரியருடைய அப்பா என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். வால்வுப் பூட்டின் திறப்பைத் தாருங்கள் என்றதும் அவர் முகம் மாறியது. "அழைப்பிதழ் எழுதி வச்சிருக்கு சேர், தேதிதான் போடணும். கல்விக் கந்தோருக்கும் சொல்லியிருக்கு. இப்படித் திடீர்னு தொறந்தா..." என்று இழுத்தார். வேறு நாளாக இருந்தால் நானும் அவரோடு சேர்ந்து இழுத்திருப்பேன். "விழாவைப் பிறகு வையுங்கோ. தண்ணியை இப்ப குடுங்கோ" என்றேன். எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் தாளைப் படித்தார், வெளியே மழையைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்து திறப்பை எடுத்துத் தந்தார். சிற்றுண்டி சமைக்க வந்திருந்த செல்வராணி வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருடைய கை வாய்க்குப் போனது.

"ஐயையோ... நீங்கதானா அது?"

"ஓம். தாகம் எடுக்காத ஆள் நான்தான்" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "நல்லவேளை நான் இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லாம விட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே வாளி எடுக்கப் போனார்.

குளோரின் கரைத்து ஊற்றி, அது தாங்கி முழுவதும் கலந்து ஊறும்வரை காத்திருந்தோம். பிறகு வால்வைத் திருகினேன். முதலில் காற்றுத்தான் சீறியது. பிள்ளைகள் பின்வாங்கினார்கள். பிறகு எல்லாக் குழாயிலும் ஒன்றாகத் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் ஓட விட்டு, இனிக் குடிக்கலாம் என்றேன். யாரும் குடிக்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெண்பிள்ளை ஒரு காலைத் தூக்கி, சேறு அப்பிய செருப்பைக் குழாயடியில் நீட்டிக் கழுவினாள். பிறகு மற்றக் காலை. பிறகு வெள்ளைச் சட்டையில் பட்டிருந்த சேற்றை. இவ்வளவு பாடுபட்டுச் சோதித்த தண்ணீர் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் அவ்வளவு கவனமாகக் கழுவினாள். அடுத்து நின்றவன் உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "டீச்சர், ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு தள்ளுமுள்ளுத்தான். பெரிய பெண்பிள்ளைகள் இருவர் ஒருவரும் சொல்லாமலேயே துடைப்பத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார்கள். செல்வராணி ஒரு கோப்பை நிரப்பி எனக்கு நீட்டினார். குடித்தேன். குளோரின் கொஞ்சம் கூடித்தான் போயிருந்தது.

அப்போது அவர் உனக்குத் தொலைபேசி எடுத்தார். நான் தடுக்க முன்பே எடுத்துவிட்டார், சத்தத்தையும் கூட்டி வைத்தார். "சேர்! தண்ணி வந்திருச்சு சேர்!" உன் குரல் அந்த முற்றம் முழுக்கக் கேட்டது. "உண்மையாவோ? பிள்ளையள் குடிக்கினமோ?" "குடிக்குதுங்க, குளிக்குதுங்க, ஒண்ணும் சொல்லாதீங்க சேர்!" "ஆர் திறந்தது?" என்று கேட்டாய். செல்வராணி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "ஒரு பெரியவரு சேர். பார்த்துட்டு நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டாரு" என்றார். ஏமாற்றம் வரும், கோபம் வரும், எங்களைக் கேட்காமல் எப்படி என்ற கேள்வி வரும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நீ சிரித்தாய். "ஆராயிருந்தாலும் அவர் நல்லா இருக்கட்டும்" என்றாய். பிறகு தொலைபேசியை விலக்கி, அங்கே யாழ்ப்பாணத்தில் யார் வீட்டுக்குள்ளேயோ, "அம்மா, பைப் திறந்தாச்சாம்! தர்ஷினிக்கு எடுத்துச் சொல்லுங்கோ!" என்று கத்தினாய்.

உனக்கு ஆள் யார் என்று அப்போதே விளங்கியிருக்கலாம். விளங்காமலும் இருந்திருக்கலாம். எதுவானாலும் அந்தக் குரலில் ஒரு துளி நட்டக் கணக்குக்கூட இல்லை. நீ நடத்தி, நீ சுமந்து, நீ காத்திருந்த ஒன்றை வேறொருவன் போய்த் திறந்துவிட்டான். நீ அதற்குச் சந்தோஷப்பட்டாய். நான் ஒரு தகப்பனாக அதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்க வேண்டும். பெருமையும் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. முதலில் வந்தது இத்தனை மாதத்திலும் வராத அளவு பெரிய பொறாமை. தண்ணீர் நடைக்கும், நிறைந்த மண்டபத்துக்கும், தர்ஷினியின் கானுக்கும் நான் பட்டதெல்லாம் அதற்குமுன் ஒன்றுமில்லை. அப்படிச் சிரிக்க உனக்கு யார் பழக்கினார்கள்? நான் இல்லை என்பது நிச்சயம்.

விழாவை வையுங்கள். உன் மாணவர்கள் அதற்கு உரியவர்கள். நாடாவை அவர்களே வெட்டட்டும், தர்ஷினியை மேடையில் இருத்து, செல்வராணியைப் பேச விடு. மாதாமாதம் தண்ணீர் எடுத்துப் பார்க்கிற வேலையை எனக்குத் தா. தரச் சொல்லிக் கேட்கிறேன், இந்த முறை வாய் திறந்து கேட்கிறேன். இந்தக் கடிதத்தைத் தர்ஷினிக்கும் காட்டு. அவள் வெட்டச் சொன்ன கான் சரியான இடத்தில் இருக்கிறது, அதை நான் குறை தேடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீ வந்து இதைப் படித்தபின் என்னோடு கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு. முடிந்தால் கொஞ்சம் கோபித்துக்கொள். அது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

அப்பா